பிறை டோலில் அடித்த வாசனை

2022-ல் புக்கிட் மெர்தாஜத்தில் சித்தப்பா மகள் கல்யாணம் முடிந்து பினாங்குத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார். பாலத்துக்கு முன்னால் இருக்கும் பிறை டோல் சாவடி வரிசையில் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று கண்ணாடியை இறக்கினார். இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். “டோலைத் தாண்டாதம்மா. ஓரம் கட்டு. பிரேக் கருகுது” என்றார்.

எனக்கு முன்னால் நின்ற லாரியின் புகை மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் இந்தக் கார் விஷயத்தில் அப்பா சொன்னால் சொன்னதுதான். மெர்சிடிஸ் பென்ஸ் ஈ220, கார்க்காரர்கள் டபிள்யூ124 என்று சொல்லும் அந்தப் பழைய உடம்பு. 1995-ல் முதலாளி புதிதாக எடுத்த நாளிலிருந்து ஓட்டியவர் அப்பா. 2004-ல் முதலாளி வேறு காருக்கு மாறியபோது, “வெளியாள் கைக்குப் போக வேண்டாம்” என்று அப்பாவுக்கே ஒரு விலை போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஓட்டிய காரை அப்புறம் சொந்தமாக ஓட்டினார். கண்ணில் புரை எடுத்ததிலிருந்து ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது அவர்.

இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தி இறங்கினேன். பின்பக்க இடது சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. கிட்டப் போனதும்தான் அந்த நெடி ஏறியது. முடி கருகுவதும் ரப்பர் கருகுவதும் கலந்தது மாதிரி, தொண்டையில் போய் நிற்கும். ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. ரிம்மிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினாலே அடுப்பு அனல். வலது பக்கச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். “காய்ஞ்ச இரும்புல தண்ணி ஊத்தினா டிஸ்க் கோணிக்கும். விரிசல் விட்டாலும் விடும். தானா ஆறட்டும்.” பார்க்கிங் பிரேக்கையும் போட விடவில்லை. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. இந்தக் காரில் பின் டிஸ்க்கின் நடுப்பகுதி ஒரு சின்ன டிரம் மாதிரி இருக்கும். பார்க்கிங் பிரேக்கை இறுக்கும் வளைந்த கட்டை, அதாவது ஷூ, அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சூட்டில் அதையும் இறுக்கிவிட்டால் இருக்கிற சிக்கலோடு இன்னொன்று சேரும். கியரை பி-யில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம்.

“வீடு ஜெலுத்தோங்தானே, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும், மெதுவாகப் போய்விடலாமே” என்று அம்மா கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. பிரேக் விடாமல் பிடித்து ஜாம் ஆன சக்கரத்தோடு அவ்வளவு தூரம் ஓட்டினால் டிஸ்க்கின் சூடு, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவியை அமுக்கலாம். காலை வைத்தால் பெடல் அப்படியே தரைக்குப் போகும், கார் நிற்காது. இதை அப்பா சொல்லித்தான் நான் முதல்முதலில் புரிந்துகொண்டேன். டோ லாரி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கல்யாணப் பட்டுச்சேலையோடு சாலையோரம் நின்றோம்.

மறுநாள் காரைக் கொண்டுபோன பட்டறையின் பெயர் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் புது பிரேக் பேட், பின்னால் புது டிஸ்க், “பிரேக் சர்வீஸ்” என்று ஒரு வரி, மொத்தம் ஆயிரம் வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தாண்டி பில் வந்தது. கார் சுகமாக ஓடியது. மூன்றாவது வாரம் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் இறங்கும்போது அதே இடது பின் சக்கரம், அதே நெடி. இந்தத் தடவை எனக்கே தெரிந்தது.

இதில் எனக்குக் கோபம் வந்தது காசுக்காக மட்டும் இல்லை. பேட் எரிந்திருக்கிறது என்று பேட்டை மாற்றினார்கள். ஏன் எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கழற்றிய பழைய பேட்களை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. ஒரே சக்கரத்தின் இரண்டு பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை முழுக்க அதில் எழுதியிருந்தது. வெளிப்பக்கப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தது. உள்பக்கப் பேட்டில் பாதிக்கு மேல் சதை மிச்சம். இந்தக் காரின் பின் காலிப்பர் அசையாத வகை; ஆயில் அழுத்தத்தில் நகரும் இரண்டு பிஸ்டன் எதிரும் புதிருமாக இருந்து, ஆளுக்கு ஒரு பேட்டைத் தள்ளும். ஒரு பேட் மட்டும் தேய்ந்தால், அந்தப் பக்கத்துப் பிஸ்டன் முன்னால் போய்விட்டுத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். முன் சக்கரத்தில் இருக்கும் நகரும் வகைக் காலிப்பரில் ஒரே பிஸ்டன்தான். அதில் உள் பேட் மட்டும் தேய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, காலிப்பர் நகர்வதற்கு இருக்கும் இரும்பு ஊசிகள், அதாவது பின்கள், காய்ந்து பிடித்துக்கொண்டனவா என்பதை. அதனால் பட்டறையில் எதை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சக்கரம், உள்ளா வெளியா என்று மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள்.

கோயிலில் பழக்கமான ஒருவர் மூலமாகப் பிறையில் ஒரு அண்ணனைப் பிடித்தோம். பழைய ஐரோப்பியக் கார் மட்டும் பார்ப்பவர். நம் ஊரில் கார் மெக்கானிக்கைப் போமேன் என்போம்; போமேன் என்றால் எல்லாரும் போமேன்தான், ஆனால் இவர் காரைத் தூக்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எப்போது வாசனை வந்தது, எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், மழையில் நின்றதா, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்?

அந்தக் கேள்விக்கு அப்பா சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை எடுத்தார். மளிகைக் கடைக் கடன் எழுத நம் வீடுகளில் எல்லாம் இருந்த அதே குட்டி நோட்டு. அப்பா அதில் கார்க் கணக்குத்தான் எழுதுவார். பிரேக் ஆயில் என்று தேடினால் கடைசி வரி 2017-ல் இருந்தது. அப்பா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஆயிலை ஒரு தடவையும் தவறவிடாதவர் அவர்.

அதோடு 2020 வேறு. மார்ச் 18-ல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து மாதக் கணக்கில் கார் வாசலிலேயே நின்றது. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் தூரம் அதிகமில்லை, கேட் கம்பிகூட இரண்டு வருடத்துக்கு ஒரு பெயிண்ட் கேட்கும். வாரம் ஒருமுறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைத்தோம், பேட்டரி இறங்கக்கூடாது என்று. சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. எஞ்சினுக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டாலும் பிரேக்குக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

அண்ணன் சொன்னது இதுதான்: “ஜாம்ங்கிறது காய்ச்சல் மாதிரிம்மா. காய்ச்சல்னா டெங்கியா இருக்கலாம், சளியா இருக்கலாம். எதுன்னு பார்க்காம மருந்து வாங்கக்கூடாது.” பார்க்கும் வழியை அவர் செய்து காட்டினார். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

சக்கரம் ஜாம் ஆகியிருக்கும்போதே பார்க்க வேண்டும், விட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கிறதா? சரி. உடம்போடு வரும் இரும்புக் குழாயும் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்த வேண்டும். அங்கே ஆயில் பீச்சி, சக்கரம் விட்டுவிட்டால் கோளாறு மேலே, அதாவது பெடலை மிதிக்கும்போது ஆயிலை அமுக்கி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் நட்டை இறுக்கிவிட்டு, காலிப்பரின் மேல் இருக்கும் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். அப்போது சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் ஹோஸுக்கும் காலிப்பருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது; குற்றவாளி ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால்தான் காலிப்பரையே சந்தேகப்பட வேண்டும்: பிஸ்டன், நகரும் பின், அல்லது துருவில் மாட்டிக்கொண்ட பேட். பின் சக்கரமாக இருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. பேட்களை வெளியே எடுத்துவிட்டு டிஸ்க்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் கனமாகச் சுற்றினால் உள்ளே பார்க்கிங் பிரேக் ஷூவோ கேபிளோ பிடித்திருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் அழுத்தத்தோடு வரும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.

மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் இடது பின் சக்கரம் நிப்பிளைத் திறந்தும் அசையவில்லை. அப்படியானால் பிஸ்டன்.

நிப்பிளிலிருந்து வந்த ஆயிலை அண்ணன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அப்பாவிடம் காட்டினார். டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். இது பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுப்பு. அடியில் தூள் மாதிரி ஏதோ தங்கியது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், அதன் குணமே அது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. அதே ஆயிலில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் தாங்க வேண்டிய அளவு 155-க்கு இறங்கிவிடுகிறது. இன்னொன்று, எஞ்சின் ஆயில் மாதிரி பிரேக் ஆயில் சுற்றி வருவதில்லை. காலிப்பருக்குள் போன ஈரம் அங்கேயே கிடந்து துருவாகும். மேலே டேங்க்கில் இருக்கும் ஆயிலை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதிது ஊற்றி “மாற்றிவிட்டேன்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அழுக்கு இருப்பது கீழே, கடைசி முனையில். நான்கு நிப்பிளிலும் சுத்தமான ஆயில் வரும்வரை விட்டால்தான் அது மாற்றியதாகும்.

காலிப்பரைக் கழற்றி மேசையில் வைத்ததும் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். “உன் கார், நீயே திற.” அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிஸ்டனை வெளியே தள்ளக் கம்ப்ரசர் காற்று வைக்க வேண்டும். இரண்டு பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை. சுலபமாக வரும் பிஸ்டனைக் கிளாம்பால் பிடித்து நிறுத்தினால்தான் அழுத்தம் எல்லாம் ஜாம் ஆனதன் மேல் விழும். அந்த நடுவில் விரலை வைக்கவே கூடாது, நசுங்கிவிடும். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். பட்டென்று வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிஸ்டன் கட்டையில் வந்து இடித்து நின்றது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

கையில் எடுத்துப் பார்த்தேன். கைக்கு அடக்கமான ஒரு கிண்ணம், பளபளப்பான முலாம். விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே, தூசி ரப்பர் கிழிந்திருந்த இடத்துக்கு நேராக, அரைவட்டத்துக்குப் பழுப்பு வளையம். நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. முலாம் பூத்துக் குழி விழுந்திருக்கிறது. இந்த அரை வளையம் துருவுக்காகத்தான் மூன்று வாரத்தில் ஒரு புது ஜோடி பேட் எரிந்தது.

அண்ணன் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் சீலைக் கொக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாதாரண வளையம் மாதிரிதான் தெரிந்தது, ஆனால் குறுக்கே பார்த்தால் சதுரம். பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் முன்னால் போகும். சீல் அதைக் கவ்விக்கொண்டு தானும் கொஞ்சம் வளையும். காலை எடுத்ததும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அப்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் ஒன்றும் இல்லை. ஒன்றரை டன் காரின் நான்கு சக்கரமும் லேசாகச் சுற்றுவது இந்த ரப்பரின் நெளிவில்தான். எங்கள் சீல் கட்டைபோல இறுகிக் கிடந்தது, மடக்கினால் ஓரத்தில் வெடித்தது.

புது சீலும் தூசி ரப்பரும் சேர்ந்து வரும் ரிப்பேர் கிட் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இதே மாடல் காரில் ஏடிஇ காலிப்பரும் வரும், கெர்லிங் காலிப்பரும் வரும். ஒன்றின் சீல் இன்னொன்றில் சரியாக உட்காராது. காலிப்பரின் உடம்பில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். அதைத் துடைத்துப் படம் எடுத்து, பிஸ்டனின் விட்டத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஜெலுத்தோங்கில் நான் போன கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே போய்ச் சரியானதை எடுத்து வந்தார். இரண்டு பக்கத்துக்கும் கிட், புது பிஸ்டன் எல்லாம் சேர்த்து, புது காலிப்பருக்கு அவர் சொன்ன விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய காலிப்பர் இன்னும் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதுவும் வருடக் கணக்கில் எங்கோ கிடந்த காலிப்பர்தான். திறந்து சீல் மாற்றாமல் மாட்டினால் அடுத்தவர் துருவைக் காசு கொடுத்து வாங்கிய மாதிரி ஆகிவிடும். எதுவானாலும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

கழுவுவதற்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட், அல்லது புது பிரேக் ஆயில். பெட்ரோல், டீசல், துரு இளக்கும் ஸ்பிரே எதுவும் ரப்பர் பக்கம் போகக்கூடாது. சிலிண்டருக்குள் சீல் உட்காரும் பள்ளத்தை அண்ணன் அரை மணி நேரம் சுரண்டினார். அங்கே துருப் பொடி இருந்தால் புது சீலையும் பிதுக்கிப் பிஸ்டனை இறுக்கும். புது கிட் போட்டும் ஜாம் போகாத கார்களில் இதையும் பார்க்க வேண்டுமாம். காலிப்பரின் இரண்டு பாதியையும் சேர்த்திருக்கும் போல்ட்டுகளை நான் தொடப் போனபோது மட்டும் கையைத் தட்டிவிட்டார். அதைப் பிரிக்கக் கூடாது, உள்ளே ஆயில் போகும் வழிக்கு ஒரு குட்டி ரப்பர் இருக்கிறது. சீலையும் பிஸ்டனையும் புது ஆயிலில் நனைத்துக் கையாலேயே அமுக்கினேன். கோணாமல் நேராக வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அந்த வழுக்கலை விரலில் உணர்ந்த பிறகுதான், ஜாம் என்றால் என்ன என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

மாட்டும்போது நிப்பிள் மேலே வருகிறதா என்று பாருங்கள். இடதும் வலதும் மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை மிதித்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கும். காற்று எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து. நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம், சிலிண்டரும் வலது பக்கம், அதனால் இடது பின் சக்கரம் முதலில். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து மிதிக்கச் சொன்னார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினமும் போகாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும். பெடலை அடி வரைக்கும் மிதித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அதில் உரசிக் கிழியும். ஒரு சின்ன மரத்துண்டு ஒரு மாஸ்டர் சிலிண்டரைக் காப்பாற்றும்.

புது பேட் பழகுவதற்கு ஜெலுத்தோங் விரைவுச்சாலை என்று நாங்கள் இன்னும் சொல்லும் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் விடியற்காலையில் 60-லிருந்து 20-க்குப் பதமாக இறக்கி, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, மறுபடியும், இப்படிப் பத்து தடவை செய்தோம். சூடாக இருக்கும்போது முழுக்க நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்கக்கூடாது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து முன்பக்கம் ஆரம்பித்தது. பிரேக் பிடித்துக் காலை எடுத்ததும் கார் வலது பக்கம் லேசாக இழுக்கும், கொஞ்ச தூரம் போனால் நேராகிவிடும். இப்போதுதான் எனக்கு வேலை தெரியுமே என்று முன் காலிப்பர்களுக்கும் கிட் வாங்கி, ஒரு சனிக்கிழமை வாசலிலேயே பிரித்தேன். நகரும் பின்களில் முதல் பட்டறைக்காரர்கள் சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவியிருந்தார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டு ரப்பர் ஊதி, பின்கள் ஆடாமல் பிடித்திருந்தன. அங்கே பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு, ஓட்டிப் பார்த்தேன். அதே இழுப்பு.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “நிப்பிளைத் திறந்து பார்த்தியாம்மா?” என்று ஒரே கேள்வி. பார்க்கவில்லை. பின்கள் மோசமாக இருந்ததைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை நான் கடைப்பிடிக்கவில்லை.

அன்றைக்கே பார்த்தேன். அப்பா மிதித்தார், நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். காலை எடுத்ததும் சக்கரம் பிடித்தபடி இருந்தது. மேலே குழாயின் நட்டைத் தளர்த்தியும் விடவில்லை. இறுக்கிவிட்டு நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் ஒரு பீச்சு ஆயில் வந்தது, சக்கரம் கையில் தானாகச் சுற்றியது. ஹோஸ்தான். மறுபடி மிதித்துவிட்டு நிப்பிளைத் திறக்காமல் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் சக்கரம் தானாகவே விட்டுவிட்டது. இதனால்தான் இந்தக் கோளாறு பட்டறைகளில் தப்பித்துக்கொள்கிறது. நாம் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் வந்து தூக்குவதற்குள் அழுத்தம் கசிந்து சக்கரம் சரியாகிவிடும்.

கழற்றிய ஹோஸ் வெளியே நல்லாத்தான் இருந்தது, ஒரு வெடிப்பு இல்லை. அண்ணன் இரும்பு அறுக்கும் வாளால் குறுக்கே அறுத்துக் காட்டினார். உள் ரப்பர் ஊதி, ஆயில் போக வேண்டிய துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நாம் காலால் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் அதை விலக்கிக்கொண்டு போய்விடும். திரும்பி வர அந்த வேகம் கிடையாது, மெதுவாகக் கசிந்துதான் வரும். 27 வருட ரப்பர். நான்கு சக்கரத்தின் ஹோஸையும் மாற்றினோம். மொத்தச் செலவு, முதல் பட்டறையில் நான் கொடுத்த பேட் காசைவிடக் குறைவு.

நம் மலேசியாவில் சொந்தக் காருக்கு வருடா வருடம் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போதுதான் பிரேக்கை ரோலரில் ஏற்றிப் பார்ப்பார்கள். எங்களைப் போல ஒரே குடும்பத்தில் நிற்கும் காரின் பிரேக்கை நாமே பார்த்தால்தான் உண்டு. அதற்காக ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன், விலை நூறு வெள்ளிக்குள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, கடைசிக் கொஞ்ச தூரத்தை அதிகம் பிரேக் பிடிக்காமல் வந்து நிறுத்தி, ரிம் இடுக்கு வழியாக நான்கு டிஸ்க்கையும் அளப்பேன். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. பார்க்க வேண்டியது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகம் படிகிறதா என்று பார்ப்பதற்கு அந்தக் கருவியும் வேண்டாம், கார் கழுவும் ஞாயிற்றுக்கிழமையே போதும். கழுவியதும் அப்படியே நிறுத்திவிடாமல் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைப் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துகிறோம். ஊருக்குப் போய்ப் பல நாள் நிறுத்த நேர்ந்தால் பார்க்கிங் பிரேக் போடாமல், சமதரையில் பி-யில் விட்டு, கட்டை வைத்துவிட்டுப் போகிறோம். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, புதிதாக மூடி திறந்த பாட்டிலிலிருந்து மட்டும். போன தடவை மிச்சமான பாட்டிலை அண்ணன் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்.

போன மாதம் சித்தப்பா பேத்திக்குப் பெயர் வைக்கும் விருந்து, மறுபடியும் புக்கிட் மெர்தாஜம். திரும்பும்போது அதே டோல் வரிசை. அப்பா கண்ணாடியை இறக்கினார், இரண்டு முறை மூச்சை இழுத்தார், ஏற்றிவிட்டு அம்மாவிடம் பலகாரப் பையைக் கேட்டார். வீட்டு வாசலில் நான் குனிந்து அளந்து சொல்லச் சொல்ல, அவர் 555 நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார். முன் இடது 84, முன் வலது 86. பின் இடது 61, பின் வலது 60.